மண்ணோடு மண்ணாகும் சீப்பு

பாப்பாக்கா!

ரேஷன் கார்டில் உனக்கு வேறு பேர் இருக்கிறது. அந்தப் பேரில் உன்னை நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இனிமேலும் கூப்பிடப் போவதில்லை. நீ திரும்பிப் பார்க்கமாட்டாய் என்று தெரியும், அதனால் மிச்சத்தைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஏதாவது தப்பாகச் சொன்னால் கனவில் வந்து திட்டு. அந்தச் சாக்கிலாவது வா.

நான் ஏழாவதோடு படிப்பை விட்டவள். ஏற்காட்டு மலையில், நாகலூர்ப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட் லைனில், அதாவது கூலிக்காரர்களுக்குக் கட்டின வரிசை வீட்டில், இருக்கிறோம். அம்மா, அக்கா, நான், மூணே பேர். அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அவரை நினைத்து அழ எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அக்காவைப் பற்றித்தான் எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன மழைக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கீழே சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஒரே வாரம். மேலே கொண்டு வந்தபோது அவள் இல்லை. அதற்கு மேல் அதை எழுதக் கை வரவில்லை. சீப்பைப் பற்றி எழுதுகிறேன், அது வரும்.

எங்கள் வீட்டில் மூணு பேருக்கும் ஒரே சீப்புதான் இருந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் சீப்பு. காலையில் அம்மா வேலைக்குப் போகிற அவசரத்தில் இழுத்துச் சீவிக்கொண்டு போய்விடுவாள். அதற்கப்புறம் அக்கா எனக்குச் சீவிவிடுவாள், நான் அக்காவுக்குச் சீவிவிடுவேன். நான் சீவினால் அவள் "ஐயோ, ஆத்தா" என்று கத்துவாள். எனக்குக் கை கொஞ்சம் முரடு.

அக்காவும் முதலில் எஸ்டேட்டில்தான் காப்பி பறித்தாள். அப்புறம் ஏற்காட்டில், ஏரிக்குப் போகிற வழியில், ஒரு கடையில் வேலை கிடைத்தது. அந்தக் கடையில் பிளாஸ்டிக்கே கிடையாது. மூங்கில் பிரஷ், பாக்குமட்டைத் தட்டு, தேங்காய் நாரில் செய்த பாத்திரம் தேய்க்கிற நார், பூந்திக்கொட்டைத் தூள், துணிப்பை, வேப்பமரச் சீப்பு. வாசலுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருப்பதால் எங்கள் லைனில் அதைப் பச்சைக்கடை என்பார்கள். எந்தச் சாமானை எடுத்தாலும் பஸ் ஸ்டாண்டு கடையைப்போல நாலு மடங்கு, எட்டு மடங்கு விலை.

அங்கே விற்கும்போது சொல்ல வேண்டிய ஒரு பேச்சு இருக்கிறது. அக்கா அதை வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகுவாள். நான்தான் வாங்க வந்தவள்.

"வாங்கம்மா. இத தூக்கிப் போட்டா மண்ணோட மண்ணா போயிருமுங்க. பூமிக்கு ஒரு கெடுதலும் இல்லீங்க."

"ஏனுங்க, அப்ப எதுக்குங்க வாங்கோணும்? இப்பவே மண்ணுலயே போட்டுருங்க."

"போடி, கழுத."

கடையில் மிச்சம் விழுந்ததைக் கொண்டு வருவாள். முனை உடைந்த பிரஷ், வெட்டும்போது விழுகிற சோப்புத் துண்டு. ஒரு தடவை பூந்திக்கொட்டைத் தூளைக் காசு கொடுத்தே வாங்கி வந்துவிட்டாள்.

"ஏம்மா, இதுல தொவச்சா துணிக்கும் நல்லது, ஓடைக்கும் நல்லது."

அம்மா விலையைக் கேட்டாள். அக்கா சொன்னாள். அம்மா துவைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"ஓடைக்கு நல்லதுன்னா ஓடைய வந்து காசு குடுக்கச் சொல்லு."

நானும் சேர்ந்து சிரித்தேன். உண்மையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் அதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது கடையில் கூட வேலை செய்கிற செம்மநத்தத்துக்காரி.

அவளுக்கும் பேர் இருக்கிறது. எனக்கு அவள் செம்மநத்தத்துக்காரிதான். செம்மநத்தம் இந்த மலையிலேயே பழைய ஊர், அவர்களுக்குச் சொந்தமாகக் காடு உண்டு, மிளகு உண்டு, ஆரஞ்சு மரம் உண்டு. சம்பளம் வந்தால் அவள் கையிலேயே இருக்கும். அக்கா சம்பளம் அரிசிக்கும் அம்மாவின் முட்டி வலி மாத்திரைக்கும் போய்விடும். அவள் வாங்குவதை அக்காவும் வாங்க ஆசைப்பட்டாள். சாயங்காலம் பஸ் இறங்கி வந்ததும் ஆரம்பித்துவிடுவாள். அவ இப்படிச் சொன்னா, அவ அப்படிச் சொன்னா.

"அந்தச் செம்மநத்தத்துக்காரி சொன்னா மாட்டுச் சாணிய மூஞ்சில பூசிட்டு வருவ போல."

"அதுவும் கடையில இருக்குது. சோப்பு. நூத்திப் பத்து ரூவா."

"த்தூ."

"வயித்தெரிச்சலா கண்ணு?"

"ஆமா. எரியுது."

அவள் அதையும் சிரிப்பாக எடுத்துக்கொண்டாள். நான் நிஜமாகத்தான் சொன்னேன்.

ஒரு நாள் அம்மாவுக்கு மாத்திரை வாங்க ஏற்காட்டுக்குப் போனேன். அப்படியே கடையில் அக்காவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனால், கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. மத்தியான நேரம், வாங்க ஆள் இல்லை. செம்மநத்தத்துக்காரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அக்கா கீழே அவள் முட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு மரச்சீப்பால் அக்கா தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். மெதுவாக, மேலிருந்து கீழே. அக்கா கண்ணை மூடியிருந்தாள். கத்தவில்லை.

பெங்களூர் வண்டி ஒன்று வந்து நின்றது. ரெண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். அக்கா அவசரமாகக் கொண்டை போட்டுக்கொண்டு "வாங்கம்மா" என்றாள். வந்த அம்மா கூடை நிறைய அள்ளினார், ஒன்றுக்கும் விலை கேட்கவில்லை. எனக்கு அந்த அம்மாவின் மேலும் எரிந்தது. பூமிக்கு நல்லது செய்வது அவருக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! நான் உள்ளே போகவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன்.

ராத்திரி சோறு போடும்போது அக்காவிடம் கேட்டேன்.

"மரச்சீப்பு யாருது?"

"ரெண்டு பேருதும். பாதி பாதி காசு போட்டு வாங்குனம். ஊட்டுக்கு எடுத்துட்டு வந்தா அம்மா வையும்னு கடையிலயே வெச்சிருக்கறம்."

"எங்கிட்ட பாதி கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா நீ என்ன சொல்லுவ? நூத்தம்பது ரூவாக்குச் சீப்பான்னு கேப்ப."

கேட்டிருப்பேன். இருபது ரூபாய்க்குச் சீப்பு கிடைக்கும்போது யார் கேட்கமாட்டார்கள்? ஆனாலும் என்னிடம் கேட்டிருக்கலாம்.

அக்காவைக் கொண்டு வந்து போட்டிருந்த அன்றைக்கு செம்மநத்தத்துக்காரி வந்தாள். வாசலிலிருந்தே அலறிக்கொண்டு வந்து அக்காவின் தலைமாட்டில் விழுந்தாள். நான் கால்மாட்டில் இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. கிளியூரிலிருந்து வந்த ஒரு பாட்டியம்மா பக்கத்து வீட்டுச் சித்தியிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"அதாரு சாமி தலமாட்டுல? கூடப் பொறந்தவளா?"

"இல்லீங்க, கூட வேல செய்யறவ. பொறந்தவ அந்தா உக்காந்திருக்கறா."

"அவ அழுகவே காணமே!"

அந்தப் பாட்டியை நான் மன்னித்துவிட்டேன். செம்மநத்தத்துக்காரியை மன்னிக்கவில்லை.

எங்கள் லைனில் ஒரு பழக்கம். காரியத்தன்று இறந்துபோனவர் தொட்டுப் புழங்கினது எல்லாவற்றையும் மயானத்துக்குக் கொண்டுபோய் எரித்துவிடுவோம். பாய், தலகாணி, துணி, செருப்பு எல்லாம். வீட்டில் ஒன்றையும் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் அவர்கள் அதைத் தேடிக்கொண்டு வருவார்கள் என்பார்கள். பொம்பளையாக இருந்தால், அதோடு புதுசாகக் கண்ணாடி, சீப்பு, பவுடர், வளையல் வாங்கித் தலைமாட்டில் வைக்க வேண்டும். அதை வாங்குகிற உரிமை கூடப் பிறந்தவளுக்குத்தான். வேறு யாரும் வாங்கக்கூடாது. அம்மாகூட வாங்கக்கூடாது.

வீட்டில் இருந்த சிவப்புச் சீப்பையும் அம்மா மூட்டையில் போட்டாள்.

"அது நம்ம எல்லாரோடதும்மா."

"அவ தலையிலயும் பட்டதுதான கண்ணு."

வேறு ஒன்றும் மிச்சமில்லை. போனில் படம் இருக்கிறது. ஆனால் படம் கையில் பிடிக்கிற சாமான் இல்லையே.

அம்மா என் கையில் காசு கொடுத்து, "அவளுக்குப் புடிச்சதாப் பாத்து வாங்கியா" என்றாள். பஸ் ஸ்டாண்டு பேன்சி கடையில் கண்ணாடியும் பவுடரும் வாங்கினேன். சீப்பு ஒன்று எடுத்தேன். ஊதாக் கலர், இருபது ரூபாய். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா சொன்னது காதில் இருந்தது. அவளுக்குப் பிடித்தது எது என்று எனக்குத் தெரியும். அது எங்கே இருக்கிறது என்றும் தெரியும். கொஞ்ச நேரம் தெரியாத மாதிரி நின்று பார்த்தேன், முடியவில்லை. சீப்பை வைத்துவிட்டுப் பச்சைக்கடைக்கு நடந்தேன்.

செம்மநத்தத்துக்காரி தனியாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"வா கண்ணு. அம்மா எப்பிடி இருக்கறாங்க?"

"இருக்கறாங்க. சீப்பு வேணுங்க. மரத்துல."

"என்னயப் போயி வாங்க போங்கங்கற? அக்கான்னு கூப்பிட்டா கொறஞ்சா போயிருவ?"

"எனக்கு ஒரே அக்காதானுங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டு சீப்புகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். வாய் தானாகவே கடைப் பேச்சை ஆரம்பித்தது, பழக்கம்தான்.

"இது வேப்பமரம். பொடுகு வராது. மண்ணுல போட்டாலும் மண்ணோட மண்ணா…"

நிறுத்திக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை.

"அவளே போயிட்டா. சீப்பும் கூடவே போயிரோணுமா? பிளாஸ்டிக்குன்னா அங்கயே கெடக்கும். நான் போயிப் பாத்தாலும் இருக்கும்."

"அவளுக்குப் பிளாஸ்டிக்குப் புடிக்காது கண்ணு."

"எனக்குத் தெரியுமுங்க. நீங்க சொல்ல வேண்டாம்."

எனக்கு அங்கே நின்றபோது மனசு ரெண்டாக இருந்தது. இருபது ரூபாய்ச் சீப்பு அக்காவோடு கடைசி வரைக்கும் இருக்கும். அவளுக்குப் பிடிக்காது, ஆனால் இருக்கும். மரச்சீப்பு அவளுக்குப் பிடிக்கும், ஆனால் போய்விடும். அதற்கு அதிகக் காசு வேறு கொடுக்க வேண்டும். சீக்கிரமாக அழிந்துபோவதற்கென்று கூடுதல் காசு கொடுக்கிற ஊர் இந்த ஊர்தான். அந்தக் காசில் வளையல் வாங்கலாம். இப்படியே யோசித்துக்கொண்டு திரும்பிப் போயிருப்பேன். அப்போது அவள் சொன்னாள்.

"காசு வேண்டாம், எடுத்துட்டுப் போ. நான் போட்டுக்கறேன். அவளுக்கு நான் வாங்கி வெச்ச மாதிரி இருக்கட்டும்."

அவள் வாங்கி வைத்த மாதிரி! தலைமாட்டில் அழுதது போதாதா? நான் வரிசையில் நடுவில் இருந்த சீப்பைத் தொட்டேன். விலை கேட்கவில்லை. பெங்களூர்க்காரர்கள் எப்படிக் கேட்காமல் எடுப்பார்களோ அப்படியே எடுத்தேன்.

"பில்லு போடுங்க."

நூற்று எண்பது. விலை ஏறியிருந்தது எனக்குத் தெரியாது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் எண்ணிக் கொடுத்தேன். வளையலுக்கு வைத்திருந்த காசு முழுசாகப் போனது. அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது.

"அந்தப் பழைய சீப்பு? அவ தொட்டதெல்லாம் நாளைக்குக் கொண்டு போவோணும்."

செம்மநத்தத்துக்காரி மேசை டிராயரைக் கையால் மூடிக்கொண்டாள். "அதுல பாதி என்னுது கண்ணு."

"செத்தவ பொருள வெச்சிருந்தா அவ தேடிட்டு வருவா."

"வரட்டும்" என்றாள்.

நான் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. அது என் வாயில் வந்திருக்க வேண்டிய பதில்.

வீட்டில் அம்மா சாமானை எடுத்துப் பார்த்துவிட்டு, "வளவி எங்கடி?" என்றாள்.

"சீப்புக்குப் போயிருச்சு."

பக்கத்து வீட்டுச் சித்தி சீப்பை வாங்கி மோந்து பார்த்தாள். "மண்ணுக்குள்ள போறதுக்கு வேப்பமரமா? உசுரோட இருக்கற நமக்கே இல்ல. ஏஞ்சாமி, பிளாஸ்டிக்குன்னா பேரன் காலம் வரைக்கும் கெடக்குமே!"

நான் என் கையிலிருந்த ரெண்டு கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்தேன். புதுசாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் அப்போது பேசவில்லை.

மயானத்தில் அக்காவைப் புதைத்த இடத்தில், தலைமாட்டில் நானே எல்லாவற்றையும் வைத்தேன். செம்மநத்தத்துக்காரியும் வந்திருந்தாள், கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். சீப்பை வைக்கும்போது அவள் பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். பார்த்தாள். அந்த நிமிஷம் மட்டும் எனக்கு நன்றாக இருந்தது.

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. இந்த மலை மழை தெரியும்தானே, பிடித்தால் விடாது. மயானத்துக்குப் போகிற தடம் வழுக்கும், அட்டை ஏறும். மழை விட்டு, காப்பிப் பழம் சிவக்க ஆரம்பித்த பிறகுதான் போனேன். அக்கா மேல் புல் முளைத்திருந்தது. பவுடர் டப்பா இருந்தது. கண்ணாடி மண் அப்பிக் கிடந்தது. என் வளையல் ரெண்டும் இருந்தன. சீப்பு இல்லை. கையால் தடவித் தேடினேன். சீப்பு நீளத்துக்குக் கரையான் கட்டின மண் இருந்தது. தொட்டேன், உதிர்ந்துவிட்டது. வேப்பமரத்தைக் கரையான் தொடாது என்பதெல்லாம் இந்த மலை மழைக்கு முன்னால் நிற்காது போல. உள்ளே ஒரு பல்கூட இல்லை.

பக்கத்துக் குழி எங்கள் லைனில் முன்பு இருந்த ஒரு கிழவியுடையது. அவள் செத்து வருஷம் எத்தனையோ ஆகிறது. அவள் மேல் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் சீப்பு கிடந்தது. மழையில் கழுவி, நேற்று வாங்கின மாதிரி பளபளவென்று இருந்தது. கிழவிக்குத் தலையில் முடியே இருந்ததில்லை. எனக்கு அந்தக் கிழவி மேல் அவ்வளவு எரிச்சல் வந்தது. அவளுக்கு இருக்கிறது, எங்கள் அக்காவுக்கு இல்லை. அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன். புல்லைப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் ஒருத்தரும் இல்லாத இடத்தில். அந்தக் கிளியூர்ப் பாட்டி இதைப் பார்க்காமல் போய்விட்டாள்.

அழுது முடித்ததும் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அக்கா தலையைத் தொட்ட பொருள் இந்த மலையில் மண்ணுக்கு மேலே ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது செம்மநத்தத்துக்காரியின் டிராயரில் இருக்கிறது. அது எனக்கு வேண்டும். மறுநாள் வேலைக்குப் போகாமல் பஸ் ஏறினேன்.

கடையில் ரெண்டு பேர் மூங்கில் பிரஷ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நேராக மேசைக்குப் போனேன்.

"அந்தச் சீப்பக் குடுங்க. உங்க பாதிக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க, தந்தர்றேன்."

"பழைய சீப்புக்கு வெல போடறியா கண்ணு?"

"நீங்கதான எல்லாத்துக்கும் நொம்ப வெல போட்டு ஒட்டி வெச்சிருக்கறீங்க. அதுக்கும் ஒண்ணு ஒட்டுங்க."

பிரஷ் பார்த்தவர்களில் ஒருவர், "ஏங்க, இது எவ்வளவு நாளுங்க உழைக்கும்?" என்று கேட்டார். செம்மநத்தத்துக்காரி டிராயரைத் திறந்து சீப்பை எடுத்துக் காட்டினாள். எண்ணெய் ஊறிக் கறுத்துப் போயிருந்தது. பல் ஒவ்வொன்றும் முழுசாக இருந்தது. மண்ணில் போட்டால்தான் போகிறது, கையில் இருந்தால் இருக்கிறது.

"தெனமும் மத்தியானம் இதுலதான் சீவிக்கறேன்" என்றாள். "இது விக்கறதுக்கில்ல. ஆனா நீ ஒண்ணு தெரிஞ்சுக்க. அவ தலைய எங்கிட்டக் குடுத்துட்டு உக்காந்து உன்னயப் பத்தியேதான் பேசுவா. எந்தங்கச்சி சீவுனா வலிக்கும், ஆனா இப்பிடித் தூக்கம் வராது, பேசிட்டே இருப்பம்னு. எந்தங்கச்சி அதச் சொன்னா, இதச் சொன்னான்னு. காது புளிச்சுப் போயிரும் எனக்கு. சீவறது நானு, பேச்சு உன்னுது. எத்தன நாளு எரிஞ்சிருக்கும் தெரியுமா?"

அவளுக்கும் எரிந்திருக்கிறது. அதைக் கேட்க எனக்கு ரொம்ப நன்றாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லமாட்டாளா என்று நின்றேன். ஆனால் அவள் பிரஷ்காரர்களிடம் போய்விட்டாள். சீப்பை மேசை மேலேயே விட்டுவிட்டுத்தான் போனாள். எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். கையில் எடுத்தேன். பல்லில் ஒரு முடி இருந்தது. நீளமாக இருந்தது. அக்கா முடியும் நீளம், அவள் முடியும் நீளம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. என் அக்கா முடி எனக்கு அடையாளம் தெரியவில்லை. சீப்பை டிராயரில் வைத்து மூடிவிட்டு வந்துவிட்டேன்.

பஸ் வரும் வரை கேட்டதை மறுபடி மறுபடி நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பஸ் நாகலூர் வந்ததும் மறுபடி எரிய ஆரம்பித்துவிட்டது. அவள் இன்றைக்கு மத்தியானமும் அதில்தான் சீவிக்கொள்வாள். என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்கு வேண்டிக்கொள்வது ஒன்றுதான் மிச்சம். அதிலும் அவளுக்கு வசதி. மேலே இருக்கிற சேர்வராயன் அவர்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிடுகிற சாமி. நாங்கள் கீழேயிருந்து வேலைக்கு வந்தவர்கள். அவள் சொன்னால் சாமி உடனே கேட்குமோ, நான் சொன்னால் அப்புறம் பார்க்கலாம் என்று இருக்குமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் இதைப் படிக்கிற நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, எந்த ஊரில் இருந்தாலும் சரி, எங்கள் பாப்பாக்காவுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். அவள் எங்கே இருந்தாலும் தலைவலி இல்லாமல், காய்ச்சல் இல்லாமல் இருக்கட்டும் என்று கேளுங்கள். செம்மநத்தத்துக்காரி தனியாக வேண்டிக்கொள்வாள், அவளை நான் தடுக்கமாட்டேன். நீங்கள் எல்லோரும் என் பக்கம் வந்து நில்லுங்கள். கூட்டம் என் பக்கம் அதிகமாக இருக்க வேண்டும்.